‘போ’ என்றார் கடவுள், ‘போய் வா’ என்றேன் நான்

மேடையில் பிரசங்கியார் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தைத் தமிழாக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீளமான வாக்கியம் வந்தால் உங்களுக்கு வியர்க்கிறது. குட்டியாக ஒன்று வந்தால் நிம்மதியாக மூச்சு விடுகிறீர்கள். இதை அப்படியே தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள். நீளமான வாக்கியத்தில் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது. நடுவில் ஒரு சொல்லை விழுங்கினாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். பிரசங்கியாருக்கே தான் என்ன சொன்னோம் என்று முழுசாக ஞாபகம் இருக்காது. ஒற்றைச் சொல்லில் வருகிற கட்டளைக்குப் பின்னால் எங்கே போய் ஒளிவீர்கள்?

ஆயிரக்கணக்கான பேர் முன்னால் என்னைத் திருதிருவென்று விழிக்கவைத்தது ஓரெழுத்துச் சொல். எபிரேய வேதத்தின் முதல் புத்தகத்தில் கடவுள் ஆபிரகாமுக்கு இட்ட கட்டளை அது. உன் தேசத்தையும் உன் இனத்தையும் உன் தகப்பன் வீட்டையும் விட்டுவிட்டு, நான் உனக்குக் காட்டும் தேசத்துக்குப் போ. அந்தப் ‘போ’தான். அகராதி பார்க்க வேண்டிய அவசியமே இல்லாத சொல் என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். நானும் அந்த மேடையில் ஏறும்போது சிரித்துக்கொண்டுதான் ஏறினேன்.

அறுபதுகளில் நான் கோலார் தங்கவயலில் பள்ளிக்கூட வாத்தியார். பிரசங்கக் கூட்டங்கள் நடக்கும் நாட்களில் மொழிபெயர்ப்பாளன். நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தேன். லைன் வீடு என்றால் சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருப்பது வெறும் தட்டி. பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் நமக்குத் தும்மல் வரும். பக்கத்து வீட்டில் சண்டை என்றால் நாம் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்போம்.

என் பக்கத்து வீடு முனிசாமி வீடு. பூமிக்குள் பாறை சரியாமல் மரத்தால் முட்டுக்கொடுக்கிற வேலை அவருக்கு. நல்ல உயரம், தலையில் எப்போதும் வெள்ளைத் துண்டு, எதற்கும் அசையாத ஆள். அவர் பயந்த ஒரே சொல் ‘போ’.

நம்மில் யாரும் வீட்டை விட்டுக் கிளம்புகிறவரிடம் வெறும் ‘போ’ சொல்வதில்லை. ‘போய்ட்டு வா’ என்போம். கிளம்புகிறவரும் ‘போறேன்’ என்று சொல்லமாட்டார், ‘வரேன்’ என்பார். மற்ற ஊர்களில் இது மரியாதை. தங்கவயலில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்குகிறவர் ஷிப்ட் முடிந்து மேலே வருவார் என்பதற்கு வீட்டில் இருப்பவர்களிடம் வேறு பிடிமானம் எதுவும் கிடையாது. அந்த ‘வா’ விட்டுப்போனால், ஆள் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து கிளம்ப வேண்டும். ஒருநாள் முனிசாமியின் மனைவி கன்னியம்மா, பொங்குகிற பாலைப் பார்த்த பதற்றத்தில் “சரி, போ” என்று சொல்லிவிட்டார். வாசல் தாண்டிய முனிசாமி திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. அவர் எழுந்திருக்கவில்லை.

“பால் பொங்கிச்சு, வாய் தவறிப்போச்சு. அதுக்கு இன்னாத்துக்கு இப்படி குந்திக்கினு கீறே?” என்றார் கன்னியம்மா.

“உனக்கு வாய் தவறிப்போச்சு. கீழ எனக்குக் கல்லு தவறிச்சின்னா?” என்றார் முனிசாமி. அன்றைக்கு ஷிப்ட் போயே போய்விட்டது.

இவர்களுடைய ஒரே மகள் சரோஜா. பெங்களூரில் நர்ஸ் படிப்பு முடித்தவள். வடக்கே, நாள் கணக்கில் ரயிலில் போகவேண்டிய ஓர் ஊரில், ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. மகள் படித்ததை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட மனுஷனுக்கு, மகள் வேலைக்குப் போவது என்று வந்ததும் முகம் சுருங்கிவிட்டது. ஒருநாள் தட்டிக்கு அந்தப் பக்கம் பெரிய சத்தம். கடைசியில் முனிசாமியின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது: “போ! போய்க்கோ! கேக்கறதுக்கு நான் யாரு?” எங்கள் லைன் முழுக்க அதைக் கேட்டது. அதற்கப்புறம் அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை ரயில். சனிக்கிழமை சாயங்காலம் சரோஜா என்னிடம் வந்தாள்.

“மாமா, பொட்டியெல்லாம் கட்டி வெச்சிட்டேன். நைனா வாயால போய்ட்டு வான்னு வராம நான் ரயில் ஏற மாட்டேன். நாளு தவறினா அந்த வேலையை வேற யாருக்காவது குடுத்துடுவாங்க” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

அப்போது எங்கள் ஊருக்கு ஒரு வெள்ளைக்காரப் பிரசங்கியார் வந்திருந்தார். எபிரேயம் கரைத்துக் குடித்தவர். ஞாயிறு சாயங்காலக் கூட்டத்தில் என்ன பேசப்போகிறார் என்று அந்தச் சனிக்கிழமை மத்தியானம்தான் என்னிடம் சொல்லியிருந்தார். ஆபிரகாம், தகப்பன் வீடு, புறப்பாடு. சரோஜா பேசப் பேச என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. வம்பே அதில்தான் ஆரம்பித்தது. நான் சொன்னால் முனிசாமி கேட்கமாட்டார், கடவுளே சொல்லட்டும் என்று கணக்குப் போட்டேன்.

முனிசாமி எங்கள் சபைக்காரர் இல்லை. மாரியம்மன் திருவிழாவில் தேருக்குத் தோள் கொடுப்பவர். ஆனால் தங்கவயலில் ஒலிபெருக்கி கட்டிவிட்டால் அது எல்லாருடைய கூட்டமும்தான். நேராகப் போய்க் கூப்பிட்டேன்.

“நாளைக்கு நான் மேடையில பேசறேன். வந்து கேளு முனிசாமி.”

“இன்னா கதை?”

“ஒருத்தரு அப்பா ஊட்டை விட்டுட்டு தூரதேசம் போற கதை.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “இதைப் போய்ச் சொல்லுன்னு உன்கிட்ட யாரு சொன்னது? சரோஜாவா?”

“கடவுள்” என்றேன்.

“அப்படின்னா வரேன்” என்றார்.

ஞாயிறு சாயங்காலம் மைதானம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் முனிசாமி, ஒரு பக்கம் கன்னியம்மா, இன்னொரு பக்கம் சரோஜா. பின்னால், தங்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டுக் கொட்டிய சயனைட் மணல் மேட்டின் அடிவாரம் வரைக்கும் தலைகள். ராத்திரி ஷிப்டுக்குப் போகவேண்டியவர்கள் சாப்பாட்டுத் தூக்கோடு ஓரமாக நின்றிருந்தார்கள். எல்லாம் என் திட்டப்படி நடந்துகொண்டிருந்தது. வேத வசனத்தைப் புத்தகத்திலிருந்து வாசித்தேன். அதன் கடைசிச் சொல் ‘போ’தான், ஆனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. புத்தகத்தில் இருக்கிற ‘போ’ யாரையும் கடிக்காது. அதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பிரசங்கியாருக்குச் சூடு ஏறியது. மேடை விளிம்புக்கு வந்தார். விரலை நீட்டினார். கடவுள் ஆபிரகாமிடம் மட்டும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்கிறார் என்றார். கூட்டத்தைச் சுற்றி வந்த அந்த விரல், உயரமான ஆளாக, வெள்ளைத் துண்டாகப் பார்த்து முனிசாமியின் மேல் போய் நின்றது. ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் முழங்கினார். போ!

என் வாய்க்கு முன்னால் மைக். எனக்கு எதிரே முனிசாமியின் முகம். அவருக்குப் பக்கத்தில் அப்பாவின் வாயையே ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்த பெண். விரல் நீட்டி, ஆளைப் பார்த்து, ஒலிபெருக்கியில், அவரிடம் நான் ‘போ’ என்று சொல்வதா? கடவுளே ‘போ’ என்றுதான் சொன்னார், திரும்பி வரச் சொல்லவில்லை என்று அந்த மனுஷன் முடிவு கட்டிவிட்டால், அப்புறம் எந்தக் காலத்தில் மகளை அனுப்புவார்? யோசிக்க நேரம் இல்லை. வாய் தானாகச் சொன்னது.

“போய் வா!”

கூட்டம் முழுக்க ஒரு பெருமூச்சு விட்டது. ஓரத்தில் நின்ற ராத்திரி ஷிப்ட்காரர் ஒருவர் தலையை ஆட்டி ஆமோதித்தார். சரோஜா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிரசங்கியார் மட்டும் அப்படியே நின்றுவிட்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பிரசங்கியாருக்குத் தமிழில் இரண்டே சொற்கள் தெரியும். அவர் தங்கியிருந்த பங்களாவின் சமையல்காரர் ஒரு நாயை வளர்த்தார். காலையில் அதை ‘வா’ என்பார், சமையலறைக்குள் நுழைந்தால் ‘போ’ என்பார். கூர்மையான காது கொண்ட பிரசங்கியார் இரண்டையும் பிடித்துக்கொண்டார். உலகத்தில் எத்தனையோ சொல் இருக்க, இந்த இரண்டையும்தானா கற்றுக்கொள்ள வேண்டும்!

“வா என்றீர்களே? வா என்றால் வருவது. நான் போகச் சொன்னேன்” என்றார் ஆங்கிலத்தில். நான் பதில் சொல்வதற்குள் மைக்கை இழுத்து, முனிசாமியைப் பார்த்து அவரே தமிழில் சொல்லிவிட்டார். “நோ வா. போ! போ!”

சமையல்காரரின் அதே அதட்டல், அதே கை வீச்சு. மைதானத்தில் பாதி பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் பதறினார்கள். ஓரத்தில் நின்ற ஷிப்ட்காரர்களில் இரண்டு பேர் தூக்கை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்கள், தண்ணீர் குடித்துவிட்டு வர. முனிசாமி அசையவில்லை.

நான் பிரசங்கியாரின் காதோரம் குனிந்தேன். எங்கள் ஊரில் கிளம்புகிறவரிடம் வெறும் ‘போ’ சொன்னால் திரும்பி வராதே என்று அர்த்தம் என்றேன். அவர் என்னை நிதானமாகப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

“ஆபிரகாம் தகப்பன் வீட்டுக்குத் திரும்பி வந்தாரா?”

வரவில்லை. எனக்குத் தெரியும். எதிராளி முட்டாளாக இருந்தால் சமாளித்துவிடலாம், சரியாகப் பேசுகிறவரை என்ன செய்வது? ‘போய் வா’ அழகான தமிழ்தான், ஆனால் கடவுள் கொடுக்காத வாக்குறுதியை அவர் பெயரில் நான் கொடுத்திருந்தேன். அதே சமயம் ‘போ’ என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஒரு சொல்லை அப்படியே கொண்டுவந்து வைத்தால் அர்த்தம் மாறிப்போகிற இடம் என்று ஒன்று உண்டு. அந்த இடத்தில் அன்று நான் நின்றிருந்தேன். இன்றைக்கும் நான் ‘போய் வா’ சொன்னதைத் தவறு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பிரசங்கியார் என்மேல் இரக்கப்பட்டு உதவிக்கு வந்தார். எபிரேயத்தில் இது ஒரு சொல் அல்ல, இரண்டு சொல் என்று விளக்க ஆரம்பித்தார். லெக் லெகா. எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். முதலாவது ‘போ’. இரண்டாவது ‘உனக்காக’. உனக்காக நீ போ, உன் நன்மைக்காகப் போ என்று பெரியவர்கள் பொருள் சொல்லியிருக்கிறார்கள் என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதற்குத் தமிழில் அச்சில் வார்த்த மாதிரி ஒரு வடிவம் இருக்கிறதே! எடுத்துக்கொள், வைத்துக்கொள், பார்த்துக்கொள் என்று தனக்காகச் செய்வதையெல்லாம் நாம் ‘கொள்’ போட்டுத்தானே சொல்கிறோம். வேறு எந்த மொழிக்காரனுக்கும் கிடைக்காத அதிர்ஷ்டம் எனக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். இலக்கணம் தந்த பெருமிதத்தில், நெஞ்சை நிமிர்த்தி, மைக்கில் முழங்கினேன்.

“போய்க்கோ!”

மைதானம் வெடித்துச் சிரித்தது. எங்கள் லைன்காரர்கள் இருந்த பக்கத்திலிருந்துதான் அதிகச் சத்தம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது எபிரேயத்துக்குச் சரியான தமிழ். கூடவே, புருஷன் பெண்டாட்டி சண்டையின் கடைசிச் சொல்லும் இதுதான். தட்டிக்கு அந்தப் பக்கம் முனிசாமி கத்தியதும் இதேதான். நான் ஊரைக் கூட்டி ஒலிபெருக்கியில் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டேன். கன்னியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சரோஜா தலை குனிந்துவிட்டாள். அவளைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

முனிசாமி எழுந்தார். போய்விடப்போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. மேடைக்குக் கிட்டே வந்து நின்றார். சிரிப்பு அடங்கியது.

“வாத்தியாரே, ஒண்ணு கேக்கணும். அந்தச் சாமி அந்த ஆளைப் போன்னு சொல்லிச்சே, சொல்லிட்டு சாமி எங்க இருந்துச்சு? ஊட்லயே குந்திக்கினு இருந்துச்சா?”

கூட்டம் முடிந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று அவரை உட்காரவைத்திருக்கலாம். நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் எனக்குக் கண்ஜாடை காட்டியும்விட்டார்கள். ஆனால் மொழிபெயர்ப்பாளன் ஒருவழிப் பாதை கிடையாது, தம்பிகளே. மேலே இருந்து கீழே சொல்வது மட்டும் நம் வேலை என்றால் அதற்கு ஒலிபெருக்கி போதும். முனிசாமி கேட்டதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலமாக்கிப் பிரசங்கியாரிடம் கொடுத்தேன். வீட்டில் குந்திக்கொண்டிருந்ததா என்பது உள்பட.

பிரசங்கியார் சிரிக்கவில்லை. புத்தகத்தைத் திறந்து, அந்த வரியின் மேல் விரலை வைத்து மறுபடி வாசித்தார். எந்தத் தேசம் என்று இதில் பெயர் இல்லை, நான் உனக்குக் காட்டும் தேசம் என்றுதான் இருக்கிறது என்றார். பெயரைச் சொல்லி அனுப்பியிருந்தால் வீட்டிலேயே இருந்திருக்கலாம். காட்டவேண்டும் என்றால் கூடப் போயிருக்க வேண்டும் என்றார்.

நான் ஊர்த் தமிழிலேயே சொன்னேன். “எந்த ஊருன்னு பேரு சொல்லல முனிசாமி. காட்டறேன்னுதான் சொன்னாரு. காட்டணும்னா கூடவே போயிருக்கணும்.”

“அப்படிச் சொல்லு” என்றார் முனிசாமி. போய் உட்கார்ந்துகொண்டார். அதற்கு மேல் அன்று முழுவதும் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

திங்கட்கிழமை காலை மாரிகுப்பம் ஸ்டேஷனுக்கு எங்கள் லைனில் பாதி வந்துவிட்டது. சரோஜா ஏறுவாளா மாட்டாளா என்று பார்க்க வந்தவர்களே அதிகம். முனிசாமி பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்து வந்தார். வண்டிக்குள் ஏற்றி வைத்தார், இறங்கி நின்றார். இன்னும் பேசவில்லை. சரோஜா பிளாட்பாரத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். கார்டு விசில் ஊதினார்.

“நைனா, வரேன்” என்றாள்.

முனிசாமி தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். “போ” என்றார்.

கூட்டமே அதிர்ந்துபோனது. கன்னியம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். சரோஜாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் வேறு பக்கம் திரும்பினேன். என் காதில்தான் மீதி விழுந்தது.

“போ. ஏறு மொதல்ல. நான் கூட வரேன்.”

திரும்பிப் பார்த்தபோது மகளை ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டிருந்தார். வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. கையில் பை இல்லை, மாற்றுச் சட்டை இல்லை.

“யோவ், டிக்கெட்டு?” என்று கன்னியம்மா கூடவே ஓடினார்.

“பங்காருப்பேட்டையில வாங்கிக்கறேன்!” என்றார் முனிசாமி ஜன்னல் வழியாக. என்னைக் கண்டதும் இன்னும் உரக்கக் கத்தினார். “வாத்தியாரே, மேஸ்திரிகிட்ட எனக்கு ஜொரம்னு சொல்லிடு!” அதையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அவர் பின்னால் சரோஜா அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள்.

பங்காருப்பேட்டை வரைக்கும் போய்ப் பெரிய வண்டியில் ஏற்றிவிட்டு மத்தியான வண்டியில் திரும்பிவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மத்தியான வண்டியில் வரவில்லை. சாயங்கால வண்டியிலும் வரவில்லை. நான் மேஸ்திரியிடம் ஜுரத்தை நாளுக்கு நாள் ஏற்றிக்கொண்டே போனேன், அது டைபாய்டு வரைக்கும் வந்துவிட்டது. ஒருநாள் காலை, அழுக்குச் சட்டையும் முகம் கொள்ளாத சிரிப்புமாக முனிசாமி லைனுக்குள் நடந்து வந்தார். ஆஸ்பத்திரியைப் பார்த்து, அவள் தங்கும் அறையைப் பார்த்து, கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்து, பெரிய டாக்டரிடம் தமிழிலேயே பேசிவிட்டு வந்திருந்தார்.

கன்னியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். “இன்னா, சொல்லாம கொள்ளாம அம்மாந்தூரம் போய்ட்டு வந்துட்டியா?”

“நான் எங்கடி போனேன்?” என்றார் முனிசாமி. “அவதான் போனா. நான் கூட வந்தேன், அவ்ளோதான்.”

அடுத்த வருஷம் வேறொரு பிரசங்கியார் வந்தார். பாருங்கள், அவருக்கும் அதே வசனம்தான் கிடைத்தது. அதே மைதானம், அதே முன்வரிசை. விரலை நீட்டி முழங்கினார். இந்த முறை நான் ஒளியவில்லை, ஒட்டுப்போடவில்லை. “போ” என்று சுத்தமாகச் சொல்லிவிட்டு ஒரு நொடி நிறுத்தினேன். முன்வரிசையிலிருந்து ஒரு குரல் மைதானம் முழுக்கக் கேட்டது.

“பாதியிலே நிறுத்தாதே வாத்தியாரே! நானும் வரேன்னு சொல்லு!”

பிரசங்கியார் திடுக்கிட்டு என் பக்கம் திரும்பினார். அந்த ஆள் என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

“ஆமென் என்கிறார்” என்றேன்.